பாயை விற்பதா, பாய் நெய்தவர் கதையை விற்பதா?

கோரைக்கரை:
பத்தமடையில் எங்கள் வீட்டில் உம்மா பாய் நெய்கிறார். நான் அதை இன்ஸ்டாகிராமில் போட்டு விற்கிறேன். பாயை மட்டும் படம் எடுத்துப் போட்டபோது, "விலை என்ன, குறைப்பீர்களா?" இதே கேள்விதான் வரும். உம்மா கோரை கீறுவதை வீடியோ எடுத்து, அவர் யாரிடம் தொழில் பழகினார், கல்யாணத்துக்கு முன்னாலேயே எப்படித் தறியில் உட்கார்ந்தார் என்று நாலு வரி எழுதிப் போட்டேன். கேள்வியே மாறிவிட்டது. "எவ்வளவு நாளாகும், மாப்பிள்ளை பெண் பேரை நெய்து தருவீர்களா?" என்கிறார்கள். ஆனால் சொந்தக்காரர் ஒருவர், "வீட்டுக் கஷ்டத்தைக் கடை விரிக்கிறாய்" என்று சொல்லிவிட்டார். எனக்கு இதில் தப்பே தெரியவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஜங்ஷன் வியாபாரி:
தங்கச்சி, தப்பாக எடுத்துக்கொள்ளாதீங்க. உங்கள் சொந்தக்காரர் பக்கம்தான் நான். 1953இல் எலிசபெத் ராணி முடிசூட்டு விழாவுக்கு உங்கள் ஊர்ப் பாய் பரிசாகப் போனது. நெய்தவர் கதையைக் கேட்டா அனுப்பினார்கள்? வேலைப்பாடுதான் போனது. பரிதாபப்பட்டு வாங்குகிறவர் ஒரு தடவை வாங்குவார், அவ்வளவுதான். பாயைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர் மகள் கல்யாணத்துக்கும் வருவார். கடையில் இதைத் தினமும் பார்க்கிறேன். இன்னொன்று, நாளைக்கே மெஷின் பாய் விற்கிறவரும் யாரோ ஒரு பாட்டி படத்தைப் போட்டுக் கதை எழுதுவார். அப்போது என்ன செய்வீங்க? இந்த ஊர்ச் சரக்கு என்று சொல்லும் புவிசார் குறியீடு வாங்கியாச்சு. அதைச் சொல்லி விற்றால் போதும்.

வில்லுக்காரர் பேரன்:
அண்ணாச்சி, குறியீடு ஊர்ப் பேரைத்தான் சொல்லும். எந்தக் கை நெய்தது என்று சொல்லாது.

நம்ம சீமையில் கலைஞன் தன்னைச் சொல்லிக்கொள்வது புதுசா? கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக்காரர் வீசுகோல் வில்லில் விழுந்ததும் நேரே சுடலைமாடன் சாமி கதைக்கா போகிறார்கள்? காப்புப் பாடி, குருவை வணங்கி, அவையடக்கம் சொல்லி, அப்புறம்தான் கதை. குருவடி பாடும்போதே இவர் யாரிடம் படித்தவர் என்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். தாத்தா பாடும்போது முன்வரிசைப் பெரியவர்கள் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காருவார்கள். விடிவதற்குள் பக்கத்து ஊர்க்காரர் வந்து அடுத்த கொடைக்குப் பேசி முடித்துவிடுவார்.

ஜங்ஷன் வியாபாரி:
தம்பி, நீங்கள் சொன்ன அந்த வரிசையே எனக்குத்தான் சாதகம். குருவுக்கு ரெண்டு வரி, சபைக்கு ரெண்டு வரி. மிச்ச ராத்திரி முழுக்க மாடன் கதைதானே? சத்திரம் புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் ஐயாவுக்கு 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அவர் வில்லில் காந்தி கதையைப் பாடினார். சொந்தக் கஷ்டத்தை அல்ல.

பொருநை மகள்:
இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். இது யாருடைய கதை? நெய்வது உம்மா, எழுதுவது மகள். கேட்டுவிட்டுத்தான் போடுகிறீர்களா? நான் கைவினைக்காரர்களைப் படம் எடுக்கிறவள். காமிரா முன்னால் "கஷ்டத்தைச் சொல்லுங்கம்மா" என்று கேட்டதும் அவர்கள் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் படத்துக்கு நிறைய லைக் வரும். அந்த அம்மா மறுபடி நம்மை வீட்டுக்குள் விடமாட்டார்.

கோரைக்கரை:
கேட்டுவிட்டுத்தான் போடுகிறேன், அக்கா. உம்மா ஒரே நிபந்தனை போட்டார். முகம் வேண்டாம், கை மட்டும். வாப்பா இறந்த கதையும் வேண்டாம் என்றார். அதனால் கையைத்தான் காட்டுகிறேன். கோரையை நெடுக்கே கீறி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, மேல்தோலை மட்டும் மெல்லிசாகப் பிரிப்பார். கத்தி கொஞ்சம் சாய்ந்தாலும் இழை பாதியில் அறுந்துவிடும். பேசிக்கொண்டே கீறுகிறவர், அந்த இடம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். அண்ணாச்சி, இதைப் பார்க்காமல், இந்த மெல்லிய கோரையில் நெய்கிற பட்டுப்பாய் ஏன் துணி மாதிரி மடிகிறது என்று சென்னையில் இருக்கிறவருக்கு எப்படிப் புரியும்? உங்கள் கடையில் தடவிப் பார்க்கலாம். போனில் முடியாதே.

ஜங்ஷன் வியாபாரி:
கையைக் காட்டுவதற்கு நான் எதிரி இல்லை. நீங்கள் வீடியோவுக்குக் கீழே "கடைசித் தலைமுறை" என்று போடுகிறீங்களே, அதுதான் உறுத்துகிறது. கடைசி, கடைசி என்று சொல்லிச் சொல்லியே வீட்டில் இருக்கிற அடுத்த பிள்ளையும் தறிப்பக்கம் வராது.

கோரைக்கரை:
எங்கள் தெருவில் தறி குறைந்துபோனது உண்மை. பிளாஸ்டிக் பாய் வந்த பிறகு நெய்வதை விட்டவர்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை. என் தங்கைக்கு நெய்யத் தெரியும். விலை கட்டுப்படியானால் உட்காருவாள்.

வில்லுக்காரர் பேரன்:
அப்படியானால் தங்கையையும் வீடியோவில் காட்டுங்க. "கடைசி" என்பதற்கு அதுவே பதிலாகிவிடும்.

பொருநை மகள்:
அவளிடமும் கேட்டுவிட்டு.

ஜங்ஷன் வியாபாரி:
சரி, கதை வேண்டாம் என்ற என் எண்ணம் மாறவில்லை. ஆனால் போடுவதென்று ஆகிவிட்டால், எத்தனை நாள் வேலை, கூலி எவ்வளவு, நூலுக்கும் சாயத்துக்கும் எவ்வளவு என்று அதே இடத்தில் எழுதிவிடுங்க. அதைப் படித்த பிறகும் பேரம் பேசுகிறவரை என்னிடம் அனுப்புங்க, நான் பேசிக்கொள்கிறேன்.