கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாடை: சேலம் பக்கம் உங்கள் அனுபவம் என்ன?

புறவழிச்சாலை வாசி:

சித்திரையில் கிணற்றுத் தண்ணீர் நன்றாக இறங்கிய நேரம். மோட்டார் போட்டால் குழாயில் பெட்ரோல் வாடை. வாளியில் பிடித்து வைத்தால் மேலே நிறம் நிறமாகப் படலம். மோட்டார் ஆயில் கசிகிறது என்றார் மெக்கானிக். கழற்றிப் பார்த்ததில் அப்படி ஒன்றும் இல்லை. எங்களுக்கும் சாலையோர பங்க்குக்கும் நடுவே இருக்கிற வீடுகளின் போரில் தண்ணீர் நன்றாகத்தான் வருகிறது. அதனால் "உங்க கிணத்துல மட்டும் எப்படிங்க?" என்று கேட்கிறார்கள். பங்க் தரப்பில் யாரும் வந்து பார்க்கவில்லை. தண்ணீரை லேபில் கொடுத்ததற்கு உப்பு, கடினத்தன்மை, ஃப்ளோரைடு, நைட்ரேட் எல்லாம் அளவுக்குள் இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. வழக்கமான சோதனையில் பெட்ரோலைத் தேடவே மாட்டார்களாம். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்திருக்கிறேன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதியிருக்கிறேன். வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது. இதே மாதிரி பார்த்தவர்கள் எழுதுங்கள்.

களப்பணி:

அண்ணா, இந்த மாதிரி இடங்களில் மண்ணும் தண்ணீரும் எடுத்துச் சோதனைக்கு அனுப்புவதுதான் என் வேலை. பக்கத்து வீட்டு போரில் வராததில் ஆச்சரியமே இல்லை. 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் எரிபொருள் குழாய் கசிந்து வீட்டு போர்களில் எரிபொருள் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அது கடலோர மணல்பாங்கான நிலம். நம் சேலம் அப்படி இல்லை. மேலே கொஞ்சம் மண், அப்புறம் உதிர்ந்த பாறை, அதற்குக் கீழே சார்னோகைட், நைஸ் என்கிற கெட்டிப் பாறைகள். தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் ஓடுகிறது. பெட்ரோலும் அதே வழியைப் பிடித்துக்கொள்ளும். உங்கள் கிணற்றின் ஒரு ஊத்துக்கண் அந்த வெடிப்போடு சேர்ந்திருந்தால் நடுவில் இருக்கும் வீடுகளைத் தாண்டி உங்களிடம் வந்துவிடும். தூரத்தை மட்டும் வைத்து "அவர்களுக்கு இல்லை, உங்களுக்கும் இருக்காது" என்று சொல்வதை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

விசாரணை என்றால் முதலில் பங்க்கின் டேங்கையும் குழாய்களையும் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கசிவை நிறுத்தாமல் செய்யும் சுத்தம் எல்லாம் வீண். அடுத்து மண்ணுக்குள் இருக்கும் ஆவியை அளப்பார்கள். பிறகு முக்கோணமாகக் குறைந்தது 3 கண்காணிப்பு போர் போட்டு, நீர்மட்டத்தை வைத்துத் தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடுவார்கள். நம் பாறைக்கு 3 போதாது என்பது என் கருத்து. வெடிப்பு போகும் திசை தெரிந்து கூடுதலாகப் போட வேண்டும். பெட்ரோல் தண்ணீரைவிட லேசானது, மேலே மிதக்கும். அந்த மிதப்பு எவ்வளவு கனம் என்பதைத் தனியாக அளக்க வேண்டும். சாம்பிளை 40 மி.லி. கண்ணாடிக் குப்பியில் ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் பிடித்து, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும்.

வாடை போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பெட்ரோலில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதன் வாடை மூக்குக்குத் தெரியும் அளவு இதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஏற்காடு தோட்டம்:

எங்கள் காப்பித் தோட்டத்தில் ஜெனரேட்டர் ஷெட்டில் டீசல் பேரல் கசிந்து மண் ஊறிவிட்டது. கீழே சரிவில் ஊற்று இருப்பதால் மழைக்கு முன்பே அந்த மண்ணைத் தோண்டி எடுத்தோம். தார்ப்பாய் விரித்துக் குவித்து, ஈரம் காயாமல் பார்த்து, கொஞ்சம் யூரியா போட்டு அடிக்கடி கிளறிவிட்டோம். கிருமிகள் தின்றுவிடும் என்று விவரம் தெரிந்தவர் சொன்ன வழி. டீசல் பெட்ரோல் மாதிரி சீக்கிரம் ஆவியாகாது, அதனால் பொறுமை வேண்டும்.

பங்க் சூப்பர்வைசர்:

நாங்கள் தினமும் டேங்குக்குள் டிப் ராடு (அளவுக் கம்பி) விட்டு அளந்து, விற்பனைக் கணக்கோடு ஒத்துப் பார்க்கிறோம். கூடக்குறைய வருவது சகஜம். நாள்தோறும் குறைந்துகொண்டே போனால்தான் சந்தேகம். அந்தப் பதிவேட்டை அதிகாரி மூலமாகக் கேட்டு வாங்குங்கள் சார். அதில் எல்லாம் தெரிந்துவிடும்.

புறவழிச்சாலை வாசி:

நன்றி. பதிவேட்டைக் கேட்டுப் பார்க்கிறேன். கிணற்றை முழுக்க இறைத்துத் தூர் வாரினால் சரியாகிவிடும் என்கிறார் உறவினர் ஒருவர். செய்யலாமா?

களப்பணி:

தயவுசெய்து வேண்டாம் அண்ணா. வேகமாக இறைத்தால் பெட்ரோலை உங்கள் பக்கம் இன்னும் இழுப்பீர்கள். அதைவிட முக்கியம், அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, கிணற்றுக்குள்ளேயே தங்கும். தூர் வார இறங்குகிறவர் மயங்கி விழலாம். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும். யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

முறையான சுத்தம் வேறு. மிதக்கும் பெட்ரோலை மட்டும் மேலாக எடுப்பார்கள். மண்ணில் இருக்கும் ஆவியைக் குழாய் வழியே உறிஞ்சி, கரியில் வடிகட்டுவார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே காற்றைச் செலுத்தினால் பென்சீன் ஆவியாக மேலே வரும், மிச்சத்தைத் தின்னும் கிருமிகளுக்கும் பிராணவாயு கிடைக்கும். இப்போதைய பெட்ரோலில் எத்தனால் வேறு கலக்கிறார்கள். கிருமிகள் முதலில் எத்தனாலைத் தின்று பிராணவாயுவைத் தீர்த்துவிடுவதால் பென்சீன் இன்னும் தூரம் போகலாம். ஆகவே வருஷக்கணக்கில் கண்காணிக்க வேண்டிவரும்.

அதுவரை அந்தத் தண்ணீரைக் குடிக்கவும் வேண்டாம், குளிக்கவும் வேண்டாம். கொதிக்க வைத்தால் ஆவி வீட்டுக்குள்தான் நிற்கும். சம்புக்கு வெளித் தண்ணீர் பிடியுங்கள். அடுத்த சாம்பிளுக்கு பென்சீன், டொலுயின், எத்தில்பென்சீன், சைலீன் என்று பெட்ரோலில் இருக்கும் நான்கு பொருள்களையும் பெயர் சொல்லி எழுதிக் கொடுங்கள். நடுவில் இருக்கும் வீட்டுக்காரர்களையும் அன்றே சாம்பிள் கொடுக்கச் சொல்லுங்கள்.