அப்பாவின் கவிதைத் தளம்: வீட்டுக்குள் திறக்கிறது, வெளியே திறக்க மறுக்கிறது

ஈசூன் மங்கை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு கப்பல் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். கணினித் துறையில் பயிற்சி எதுவும் இல்லை. எதைச் சொல்ல வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று தெரியாததால் நடந்ததை முழுவதுமாக எழுதிவிடுகிறேன்.

என் அப்பா சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் பட்டறையில் 31 ஆண்டுகள் பற்றவைப்பு வேலை பார்த்தார். இரவு வேலை முடிந்து வந்ததும் சம்பள உறையின் ஓரங்களைப் பிளேடால் கீறி, விரித்து, உட்புறத்தில் கவிதை எழுதுவார். அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அம்மா ரொட்டி டின்னில் அடுக்கி வைத்திருந்த உறைகளை எண்ணினேன்: 143. தம்பி மாணவனாக இருந்தபோது அவற்றில் பலவற்றைத் தட்டச்சு செய்து ஓர் இலவசத் தளத்தில் போட்டிருந்தான். அந்த நிறுவனம் சேவையை மூடியது. முன்னறிவிப்பு மின்னஞ்சல் அவன் பார்க்காத பழைய முகவரிக்குப் போயிருக்கிறது. எல்லாம் அழிந்துபோனது.

அதனால்தான் இந்த முறை எங்கள் வீட்டிலேயே, என் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைத்தொகுதிக்குப் போய் ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கையளவுக் கணினி ஒன்றும் 32 ஜிபி நினைவக அட்டை ஒன்றும் வாங்கினேன். கேட்பவர்களுக்குப் பக்கங்களை அனுப்பும் என்ஜின்எக்ஸ் மென்பொருளை அதில் நிறுவினேன். உறைகளை ஸ்கேன் செய்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி வருகிறேன். வீட்டுக்குள் அதன் முகவரியான 192.168.50.20 என்று தட்டினால் பக்கம் திறக்கிறது. அம்மா தம் கைப்பேசியில் முதல் பக்கத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கி, "இந்த 'ழ'வைப் பார், அவர் கை" என்றார்.

டக்டிஎன்எஸ் என்ற சேவை வழியாகத் தளத்துக்கு இலவச இணையப் பெயர் ஒன்று எடுத்தேன். ரௌட்டரில், வலைப்பக்கங்கள் வந்துபோகும் வாயில்களான 80, 443 என்ற இரண்டு போர்ட்களையும் ராஸ்பெர்ரி பைக்குத் திருப்பிவிட்டேன். அலுவலகத்திலிருந்து திருத்த வசதியாக 22ஆம் போர்ட்டையும் திறந்தேன். ஆனால் புளோக்கின் கீழ்த்தளத்துக்குப் போய், வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தால் பக்கம் வரவில்லை. திருவாரூரில் இருக்கும் அக்காவுக்கும் வரவில்லை. வெகு நேரம் சுற்றிவிட்டு நின்றுவிடுகிறது. மூன்று இரவுகளாக இதே கதை.

காலணி அலமாரிக்கு மேல் இணைய நிறுவனம் கொடுத்த வெள்ளைப் பெட்டியும், அதற்குப் பக்கத்தில் நான் வாங்கிய கறுப்பு ரௌட்டரும் இருக்கின்றன. போர்ட் அமைப்பைக் கறுப்பு ரௌட்டரில்தான் செய்தேன். எங்கே தவறினேன்?

பீஷான் இரவி எழுதியது:

மங்கை, வணக்கம். அலமாரி மேல் இரண்டு பெட்டிகள் என்று எழுதினீர்களே, அந்த வரியில்தான் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அஞ்சல்காரரை நினைத்துக்கொள்ளுங்கள். கடிதத்தில் புளோக் எண் இருக்கிறது, வந்துவிட்டார். எந்த வீடு என்று எழுதவில்லை, அதனால் திரும்பிப் போகிறார். நீங்கள் வீட்டு எண்ணைக் கறுப்பு ரௌட்டரிடம் சொல்லிவைத்தீர்கள். ஆனால் தெருவிலிருந்து வருபவர் முதலில் சந்திப்பது வெள்ளைப் பெட்டியை. அதுவும் ஒரு ரௌட்டராக வேலை செய்தால், உங்கள் பையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது.

உறுதி செய்வது எளிது. கறுப்பு ரௌட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'வான்' முகவரி, அதாவது வெளிப்பக்க முகவரி, என்று ஒன்று இருக்கும். அது 192.168 என்றோ 10 என்றோ தொடங்கினால், அல்லது 172.16 முதல் 172.31 வரை இருந்தால், முன்னால் இன்னொரு ரௌட்டர் நிற்கிறது என்று பொருள். அப்போது வெள்ளைப் பெட்டியைப் 'பிரிட்ஜ்' நிலைக்கு, அதாவது ரௌட்டர் வேலையை விட்டு இணைப்பைக் கடத்த மட்டும் செய்யும் நிலைக்கு, மாற்றும்படி நிறுவனத்திடம் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் வெள்ளைப் பெட்டியிலிருந்து கறுப்புக்கும், கறுப்பிலிருந்து பைக்கும் என இரண்டு இடங்களிலும் போர்ட்டைத் திருப்ப வேண்டும்.

அந்த முகவரி 100.64 முதல் 100.127 வரை உள்ளதாக இருந்தால் சிக்கல் உங்கள் வீட்டில் இல்லை. ஒரே பொது முகவரியை நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது என்று பொருள். ஆசிய பசிபிக் வட்டாரத்தில் பழைய வகை முகவரிகளின் தாராள ஒதுக்கீடு 2011 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. இப்படிப் பங்கிடுவதற்கென்றே 2012இல் அந்த எண் வரிசையை ஒதுக்கினார்கள். அங்கே உங்கள் ரௌட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் பயனில்லை. தனிப் பொது முகவரி கேட்க வேண்டும், அல்லது உள்ளிருந்து வெளியே போகும் சுரங்கவழி ஒன்றை அமைக்க வேண்டும்.

எண்ணைப் பார்த்துவிட்டு வாருங்கள். முதல் இரண்டு பகுதிகளை மட்டும் இங்கே எழுதினால் போதும், முழு முகவரியைப் பொதுவில் போடாதீர்கள்.

ஈசூன் மங்கை எழுதியது:

அண்ணன், 192.168 என்றுதான் இருந்தது. நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, வெள்ளைப் பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றினார்கள். பிறகு கறுப்பு ரௌட்டரை அணைத்துப் போட்டேன். நேற்று இரவு 9.20, திருவாரூரில் மாலை 6.50, அக்காவின் கைப்பேசியில் பக்கம் திறந்தது! "உப்புக் காற்று" என்ற கவிதையை அவர் தொலைபேசியிலேயே வாசித்துக் காட்டினார். என் வீட்டு அலமாரியில் இருக்கும் பெட்டியிலிருந்து அது அங்கே போயிருக்கிறது என்பதை இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

இரண்டு கவலைகள். முதலாவது: அரை மணி நேரத்துக்குள் பதிவேட்டில் தெரியாத முகவரிகளிலிருந்து கோரிக்கைகள் வந்து குவிந்தன. நான் உருவாக்காத பக்கங்களைக் கேட்கிறார்கள், வேர்ட்பிரஸ் என்ற தள மென்பொருளின் நுழைவுப் பக்கம் எங்கே என்கிறார்கள். 22ஆம் போர்ட்டில் 'ரூட்', 'அட்மின்', 'பை' என்ற பெயர்களில் யாரோ உள்ளே நுழையப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டைப் பற்றி யாருக்கோ தெரிந்துவிட்டதா?

இரண்டாவது: தம்பி தட்டச்சு செய்த பழைய கோப்புகள் ஒரு குறுவட்டில் கிடைத்தன. திறந்தால் தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாக வருகின்றன. இணையத்தில் கிடைத்த ஒரு பட்டியலை வைத்து நானே எழுத்துக்கு எழுத்து மாற்றிப் பார்த்தேன். 'படகு' சரியாக வருகிறது. 'கொடி' மட்டும் உடைந்து, கொம்பு தனியாக முன்னால் நிற்கிறது.

செங்காங் தமிழ்மணி எழுதியது:

அக்கா, முதல் வேலையாக 22ஐ மூடுங்கள். மற்றதைப் பிறகு படியுங்கள்.

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறேன். தளத்தை வீட்டில் வைப்பதே எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெட்டி இருக்கும் அதே வலையில்தான் அம்மாவின் கைப்பேசி இருக்கிறது, உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் மடிக்கணினி இருக்கிறது. பையில் ஒரு மென்பொருளைப் புதுப்பிக்க மறந்தால் அந்த ஓட்டை அவற்றுக்கும் ஆபத்து. உங்கள் பக்கங்கள் நிலையான பக்கங்கள், படமும் எழுத்தும் மட்டும். அவற்றை இலவசமாக வைத்துத் தரும் நல்ல சேவைகள் பல இருக்கின்றன. நீங்கள் வெளியூர் போயிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டால் அப்பாவின் கவிதைகள் உலகத்துக்கே இல்லாமல் போகும். அதை நினைத்துப் பாருங்கள்.

பீஷான் இரவி எழுதியது:

தமிழ்மணி சொன்ன எச்சரிக்கை ஒவ்வொன்றும் சரி. முடிவில் மட்டும் நான் வேறுபடுகிறேன். மங்கையின் குடும்பம் ஒருமுறை இலவசச் சேவையை நம்பி இழந்திருக்கிறது. யாரோ ஒருவரின் நிதியாண்டு முடிவில் மறைந்துபோகாத ஓர் இடம் வேண்டும் என்று அவர் கேட்பது நியாயம். 24 ஆண்டுகள் தரவு நிலையத்தில் இரவுப் பணி பார்த்தவன் சொல்கிறேன்: எந்தப் பெட்டியும் ஒருநாள் நிற்கும். அது எங்கே இருக்கிறது என்பதைவிட அதன் நகல் எங்கே இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.

மங்கை, உங்கள் வீட்டை யாரும் குறிவைக்கவில்லை. இணையத்தில் உள்ள எல்லா முகவரிகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கும் நிரல்கள் அவை. வேர்ட்பிரஸ் உங்களிடம் இல்லை, '404', அதாவது பக்கம் இல்லை, என்று பதில் போகும், அவை நகர்ந்துவிடும். நுழைவதற்குக் கடவுச்சொல் பக்கமே இல்லாத நிலையான தளம் என்பது உங்களுக்குப் பெரிய காப்பு. 'பை' என்ற பெயரை ஏன் முயல்கிறார்கள் தெரியுமா? 2022 ஏப்ரல் வரை ராஸ்பெர்ரி பை இயங்குதளம் அதே பயனர் பெயருடன்தான் வந்தது. மாற்றாமல் விட்டவர்கள் ஏராளம்.

22ஐ மூடிவிட்டு, வெளியிலிருந்து திருத்த வேண்டுமென்றால் வயர்கார்டு என்ற பாதுகாப்பான தனிவழி மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு வையுங்கள். உங்கள் ரௌட்டரில் விருந்தினர் வலை இருந்து, அதில் இருக்கும் கருவிக்குப் போர்ட் திருப்ப முடிந்தால், பையை அங்கே மாற்றி மற்றக் கருவிகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். தமிழ்மணியின் பெரிய கவலை அதோடு பாதியாகக் குறையும். உலாவியில் முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுக் குறிக்கான சான்றிதழை லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகத் தருகிறது. அதிகபட்சம் 90 நாளில் காலாவதியாகும், செர்ட்பாட் என்ற நிரல் தானாகப் புதுப்பிக்கும். நீங்கள் வைத்திருக்கும் அமைப்பில் அதற்கு 80 திறந்திருக்க வேண்டும், பாதுகாப்பு என்று நினைத்து அதை மூடிவிடாதீர்கள். மின்செலவுக்கு அஞ்ச வேண்டாம். 5 வாட் என்று வைத்தால் மாதத்துக்கு 3.6 யூனிட், யூனிட் 30 காசு என்றாலும் ஒரு வெள்ளியைச் சற்றுத் தாண்டும்.

நினைவக அட்டையை மட்டும் நம்பாதீர்கள். ஓயாமல் எழுதி அழித்தால் அது தேய்ந்துவிடும், பெரும்பாலும் முன்னறிவிப்பு இராது. ஸ்கேன் செய்த மூலப் படங்கள் ஒரு வெளி வட்டிலும், இன்னொரு நகல் வேறு வீட்டிலும் இருக்கட்டும். திருவாரூர் அக்காவிடம் ஒன்று அனுப்பிவிடுங்கள். தமிழ்மணி சொன்ன இலவசச் சேவையிலும் ஒரு பிரதி போடுங்கள், தவறில்லை. மூலம் உங்களிடம் இருக்கிறதே.

இனி 'கொடி'. இதை எழுத எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கோப்புகள் பெரும்பாலும் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில், அதாவது எழுத்துகளுக்கு எண் கொடுத்துச் சேமிக்கும் முறையில், இருக்கும். 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகள் நான்கு மொழிகளிலும் இணையத்தில் ஏறியபோது தமிழை ஏற்றப் பாடுபட்டவர் நம் ஊர் நா. கோவிந்தசாமி. 1997இல் தமிழ்க் கணிமை பற்றிய தமிழ்நெட் மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்தக் காலத்தில் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியாக்கம். திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு 'க', பிறகு கால். இன்றைய பொதுக் குறியாக்கமான ஒருங்குறியிலோ ஒலிக்கும் வரிசை: முதலில் 'க', அதன் பின்னால் 'ஒ'வின் குறி. ஆகவே எழுத்துக்கு எழுத்து மாற்றினால் கொம்பு அநாதையாக முன்னால் நிற்கும். கொம்பைக் கண்டால் அடுத்த மெய்யைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்து, கால் இருந்தால் அதோடு சேர்க்க வேண்டும். ஓப்பன் தமிழ் என்ற பைத்தான் மொழி நிரல் தொகுப்பில் இதற்கான மாற்றி இருக்கிறது.

மாற்றிய பிறகும் ஒன்றைக் கண்ணால் பாருங்கள். 'கௌ' என்பதைப் பலர் கொம்பு, 'க', 'ள' என்று மூன்று எழுத்தாகத் தட்டியிருப்பார்கள். திரையில் வேறுபாடு தெரியாது. தேடினால் மட்டும் அகப்படாது.

ஈசூன் மங்கை எழுதியது:

அண்ணன், தம்பி இருவருக்கும் நன்றி. 22ஐ மூடிவிட்டேன், சாவிக் கோப்பு அமைத்துவிட்டேன். பூட்டுக் குறி வந்துவிட்டது. என் ரௌட்டர் விருந்தினர் வலைக்குப் போர்ட் திருப்ப அனுமதிக்கவில்லை, வேறு வழி தேடுகிறேன். வெளி வட்டு ஒன்றை அடுத்த மாதம் ஊருக்குப் போகும் உறவினர் கையில் கொடுத்தனுப்புகிறேன். தமிழ்மணி, நீங்கள் சொன்னபடி ஒரு பிரதியை வெளியிலும் வைக்கிறேன்.

திஸ்கி கோப்புகள் 88ஐயும் மாற்றினேன். 'கொடி' நேராக நிற்கிறது. கடைசியாக நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. அம்மாவின் பெயர் கௌரி. கோப்புகளில் தேடினேன், இரண்டு கவிதைகள் வந்தன. 'ள' போட்டுத் தட்டியவற்றையெல்லாம் திருத்திவிட்டு மறுபடி தேடினேன். பத்தொன்பது.

இரவு பதினொன்றரை மணி. அம்மா இன்னும் தூங்கவில்லை, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "அடுத்ததைத் திற" என்கிறார். இப்போது ஏழாவதில் இருக்கிறோம்.