அட்லஸ் அந்துப்பூச்சி இறக்கையின் ‘கண்ணாடி’க்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம்.

அட்லஸ் அந்துப்பூச்சியின் நான்கு இறக்கைகளிலும் முக்கோணமாகத் தெரிகிற கண்ணாடிப் பகுதிக்கு ‘காலதர்’ (சன்னலுக்குப் பழந்தமிழ்ச் சொல்) என்று வைக்கலாம் என நம் கலைச்சொல் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். அருமையான பழஞ்சொல்தான், ஆனால் கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி, இங்கே காற்று எங்கே போகிறது? சவ்வு அப்படியே இருக்கிறது, அதன்மேல் செதில்தான் இல்லை. தெருவிளக்கடியில் செத்துக் கிடக்கும் பூச்சியின் இறக்கையைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பாருங்கள், முக்கோணத்துக்குள் எழுத்து தெரியும். மற்ற இடத்தைத் தொட்டால் விரலில் செம்பழுப்புப் பொடி ஒட்டும். அந்தப் பொடிதான் செதில்.

‘முக்கோணக் கண்ணாடி’யும் சரிவராது. தசர் பட்டுப்பூச்சிக்கு இதே கண்ணாடி வட்டமாக, கண்புள்ளியின் (இறக்கையில் கண்போலத் தெரியும் புள்ளி) நடுவில் இருக்கிறது. ‘செதிலுதிர் பகுதி’ என்றால் வேறு சிக்கல். காபிச் செடியைத் தின்று வளரும் பருந்து அந்துப்பூச்சி ஒன்று (செபனோடஸ் ஹைலஸ்) கூட்டுப்புழுவிலிருந்து செதிலோடு வெளியே வந்து, முதல்முறை பறக்கும்போதே அதையெல்லாம் உதிர்த்துவிட்டுத் தேனீபோலத் திரியும். செதில் உதிர்வது அந்தப் பூச்சிக்குத்தான். அட்லஸ் வெளியே வரும்போதே அந்த இடம் வெறுமையாகத்தான் இருக்கும்.

என் ஓட்டு ‘சிறகுச்சாளரம்’. வடிவத்தைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை, ஒளி புகும் இடம் என்பது மட்டும் புரியும், சேர்த்து எழுதவும் வளைந்து கொடுக்கும்: தசருக்குச் சாளரக் கண்புள்ளி, ஹைலஸுக்கு முழுச்சாளரச் சிறகு. சாளரத்தைக் கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டார்களே என்று ஒருவர் கேட்டார், எடுத்துக்கொள்ளட்டும், இறக்கையில் பார்த்து யாரும் குழம்பப் போவதில்லை.

அப்புறம், சொல்லைவிட எனக்கு முக்கியமாகப் படுவது பட விளக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் எடுத்த படத்துக்கெல்லாம் ‘அட்டகஸ் அட்லஸ்’ என்றே அறிவியல் பெயர் போடுகிறோம். அது இமயமலை அடிவாரம், வடகிழக்கு இந்தியா தொடங்கி தென்சீனம், மலேயா, இந்தோனேசியத் தீவுகள் என்று பரவியிருப்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ‘அட்டகஸ் டாப்ரோபானிஸ்’, இலங்கையின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேனை வைத்து பூச்சியியலாளர் மூர் 19ஆம் நூற்றாண்டில் பெயரிட்டது. இரண்டுமே செம்பழுப்பு, இரண்டுக்குமே சாளரம் உண்டு, முன்னிறக்கை நுனி இரண்டிலும் பாம்புத் தலைபோல வளைந்திருக்கும், அதனால் படத்தை மட்டும் பார்த்துப் பெயரிட வேண்டாம், எடுத்த ஊரையும் கேட்டு வாங்கிப் போடுங்கள்.

சாளரத்துக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள். இல்லையென்றால் நம் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.