இடது காதில் சுருதி இறங்கிக் கேட்கிறது, மேடையில் தலை சுற்றுகிறது. வாசிப்பைத் தொடர முடியுமா?

நாலு தந்தி:

எல்லோருக்கும் வணக்கம். வயலின் வாசிக்கிறேன், வயது 39, மேடை ஏறி 22 வருடம் ஆகிறது. கடந்த 7 மாதமாக நடப்பதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வந்தது அடைப்பு. இடது காதில் தண்ணீர் புகுந்த மாதிரி இருந்தது. கொட்டாவி விட்டுப் பார்த்தேன், மூக்கைப் பொத்தி ஊதிப் பார்த்தேன், போகவில்லை. கூடவே தூரத்தில் மோட்டார் ஓடுவது போல ஒரு தாழ்ந்த இரைச்சல். இரண்டு நாளில் தானாகவே போனதால் சளி என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒத்திகையில் அதே அடைப்பு, அதே மோட்டார். சில நிமிடத்தில் அறை மொத்தமும் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தது. கண்ணை மூடினாலும் நிற்கவில்லை. வாந்தி வேறு. இரண்டரை மணி நேரம் தரையில் ஒருக்களித்துப் படுத்துக் கிடந்தேன். வில்லின் முடியைத் தளர்த்தக்கூட முடியவில்லை, யாரோ வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள்.

இதுவரை ஐந்து முறை வந்துவிட்டது. அதில் ஒன்று மேடையில், ஒரு பாட்டின் நடுவில். நோட்டு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அதையும் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

உள்காதைப் பாதிக்கிற மெனியர் நோய் என்கிறார் டாக்டர். எம்.ஆர்.ஐ.யில் வேறு பிரச்சினை எதுவும் இல்லை. ஆடியோகிராமில், அதாவது கேட்புப் பரிசோதனையில், இடது காதின் கேட்பு தாழ்ந்த ஒலிகளான 250, 500 ஹெர்ட்ஸில் இறங்கி, 45 டெசிபல் சத்தம் வைத்தால்தான் கேட்கிறது, மேலே 2000க்குப் பிறகு நன்றாகவே இருக்கிறது. திறந்த ஜி தந்தி 196 ஹெர்ட்ஸ். கேட்காமல் போன இடத்தில்தான் அது உட்கார்ந்திருக்கிறது.

சத்தம் குறைந்தால்கூடச் சமாளித்துவிடுவேன். ஆனால் ஜி தந்தியை இழுத்தால் வலது காதில் ஜி கேட்கிறது, இடது காதில் அதைவிட அரை ஸ்வரத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கி ஒன்று கேட்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில். 22 வருடமாக விரல் தானாகப் போய் விழுந்த இடத்தில் இப்போது நின்று யோசிக்கிறேன். போன வாரம் ஒரு பாடகி திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வை என்னவென்று உங்களில் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும்.

எந்தக் காதை நம்புவது? எப்போது வரும் என்று தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு எப்படி நிகழ்ச்சி ஒப்புக்கொள்வது? கூட வாசிப்பவர்களிடம் சொல்லிவிடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தடித்த கம்பி:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். எனக்கு வலது காதில் மெனியர், 11 வருடம் ஆகிறது. நான் பாஸ் கிட்டார். இந்த நோய் முதலில் கை வைக்கிற தாழ்ந்த ஒலிதான் எனக்குப் பிழைப்பு. இப்போதும் வாசிக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுருதியிலிருந்து தொடங்குகிறேன். கெட்ட காதை மூடிவிடுங்கள். நான் இதைக் கண்டுபிடிக்க இரண்டு வருடம் ஆனது, ஏனென்றால் மிச்சம் இருக்கிற கேட்பையும் ஏன் அடைக்க வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். ஆனால் தப்பாகச் சொல்கிற காது, சொல்லாத காதைவிட மோசம். அடைத்த அன்று இரண்டு ஸ்வரம் ஒன்றானது. ஒத்திகை அறையிலேயே கண் கலங்கிவிட்டது எனக்கு.

பஞ்சு உதவாது. பஞ்சையோ நுரை அடைப்பானையோ காது வாசலில் மட்டும் வைத்தால், எலும்பு வழியாக வருகிற அதிர்வு உள்ளே மாட்டிக்கொண்டு தாழ்ந்த ஒலி இன்னும் முழங்கும். விரலால் காதைப் பொத்திக்கொண்டு 'ம்ம்ம்' என்று இழுத்துப் பாருங்கள், புரியும். வயலினைத் தாடையில் வைத்து வாசிக்கிற உங்களுக்கு இது கூடுதல் தொல்லை. காதில் அச்செடுத்து, ஆழமாகப் போய் உட்காரும்படி செய்த அடைப்பான் வேண்டும். அப்படிச் செய்தாலும் தாடை வழி அதிர்வு முழுதாக நிற்காது, ஆனால் அது எலும்பு வழியாக உங்கள் வலது காதுக்கும் போய்ச் சேரும். அதைப் பிடித்துக்கொள்ளப் பழகுங்கள்.

தினமும் காலையில் நான் ஒன்று செய்கிறேன். ஃபோனில் 220 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக வைத்து, ஹெட்ஃபோனில் இடம், வலம் என்று மாற்றி மாற்றிக் கேட்கிறேன். வித்தியாசம் எவ்வளவு என்று நோட்டில் குறிக்கிறேன். அடைப்பு உண்டா, இரைச்சல் எப்படி, தூக்கம் எவ்வளவு என்று நாலு வார்த்தை. ஒரு வருடம் எழுதிய பிறகுதான் தெரிந்தது, பெரும்பாலான தடவை எனக்கு முதல் நாளே வித்தியாசம் கூடுகிறது. உங்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம். ஆனால் எழுதினால்தான் தெரியும். சுருதி சேர்ப்பதை முழுக்கக் கருவிக்கு விட்டுவிட்டேன். முள் நடுவில் நின்றால் சரி, என் காதின் அபிப்பிராயம் அப்புறம்.

கிறுகிறுப்புக்கு வருகிறேன். உடம்பு நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதமும் மூட்டுகளும் தருகிற உணர்வு என்று மூன்று துணை. நமக்கு ஒன்று போய்விட்டது. மேடையில் விளக்கை அணைத்தால் இன்னொன்றும் போகிறது. அதனால் இருட்டில் படி ஏறுவதை நான் நிறுத்திவிட்டேன், ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கைப்பிடி வைத்த, சக்கரம் இல்லாத நாற்காலி வேண்டும். எதிரே அசையாத ஒரு பொருள் வேண்டும். எனக்கு வெளியேறும் வழியின் விளக்கு, அதைத்தான் பார்த்துக்கொண்டு வாசிப்பேன். விளக்குக்காரரிடம் என் பக்கம் சுழல் வெளிச்சம் வேண்டாம் என்று சவுண்ட் செக்கிலேயே கேட்டுவிடுவேன். கீழே விழுந்த பொருளைக் குனிந்து எடுப்பதில்லை. பக்கத்தில் வாசிப்பவரைப் பார்க்கத் தலையைச் சட்டென்று திருப்புவதில்லை, தோளோடு சேர்ந்து திரும்புவேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், பயமுறுத்துவதற்காக இல்லை. ஆறாவது வருடத்தில் ஒருமுறை எந்த அறிகுறியும் இல்லாமல், யாரோ பிடித்துத் தள்ளியது போலக் கீழே விழுந்தேன். நினைவு தப்பவில்லை, சில நொடியில் எழுந்துவிட்டேன். டுமார்கின் வீழ்ச்சி என்று இதற்குப் பெயரே இருக்கிறது. எல்லோருக்கும் வராது. வந்த பிறகு நான் நின்றுகொண்டு வாசிப்பதையும் வண்டி ஓட்டுவதையும் விட்டுவிட்டேன்.

மருந்து உங்கள் டாக்டர் பாடு. ஆனால் வாத்தியக்காரர் என்ற முறையில் இரண்டு விஷயம் நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பீட்டாஹிஸ்டின் நம்மில் பலரும் சாப்பிடுகிறோம், நானும் சாப்பிட்டேன். 2016ல் 221 பேரிடம் 9 மாதம் செய்த ஒரு ஆய்வில், அதைச் சாப்பிட்டவர்களுக்கும் மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தாக்குதல் ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. எனவே மாத்திரை கேட்கவில்லையே என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அடுத்தது காதுக்குள் போடுகிற ஊசி. ஜென்டமைசின் என்றால் அது அந்தக் காதின் சமநிலைச் செல்களை வேண்டுமென்றே அழிக்கிற மருந்து. கேட்பையும் பாதிக்கக்கூடும். ஸ்டீராய்டு ஊசிக்கு அந்த ஆபத்து குறைவு. 2016லேயே வந்த இன்னொரு ஆய்வில், 60 பேர்தான் அதில், கிறுகிறுப்பைக் குறைப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நான் டாக்டரிடம் 'இந்தக் காதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்' என்று நேராகச் சொல்லி ஸ்டீராய்டில் ஆரம்பித்தேன். மூன்று ஊசி. தாக்குதல் மாதம் இரண்டிலிருந்து வருடம் மூன்று நான்காகக் குறைந்தது.

ஆறுதல் சொல்ல வருபவர்கள் எவலின் கிளென்னியைக் காட்டுவார்கள். 12 வயதுக்குள் கேட்பை ஏறக்குறைய முழுதாக இழந்து, வெறுங்காலோடு நின்று அதிர்வை உணர்ந்து தாளவாத்தியம் வாசிப்பவர். மிகப் பெரிய கலைஞர். ஆனால் நம் கஷ்டம் வேறு, நமக்கு நேற்றைய காது இன்றைக்கு இல்லை. அமெரிக்க ராக் பாடகர் ஹியூயி லூயிஸ் 2018ல் மெனியரால் சுருதியே பிடிபடவில்லை என்று நிகழ்ச்சிகளை ரத்து செய்தார். அவரைப் பார்த்து நொறுங்கியும் போகாதீர்கள். அவருக்கு இன்னொரு காது பல வருடம் முன்பே போயிருந்தது. உங்களுக்கு வலது காது இருக்கிறது.

கூட வாசிப்பவர்களிடம் சொல்லுங்கள். எல்லோரிடமும்.

மூச்சும் குழலும்:

அண்ணன் சொன்னதில் கடைசி வரியில் மட்டும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் புல்லாங்குழல். எனக்கு மெனியர் என்றே ஒரு வருடம் சொன்னார்கள், பிறகு ஒற்றைத் தலைவலியோடு சேர்ந்த கிறுகிறுப்பு என்று தெரிந்தது. நான் எல்லோரிடமும் சொன்னேன். யாரும் கெட்ட வார்த்தை சொல்லவில்லை, ஆனால் அழைப்பு நின்றுபோனது. 'அவங்களுக்கு உடம்பு முடியல, தொந்தரவு பண்ண வேண்டாம்' என்று என் மேல் அக்கறையாகவே ஒதுக்கினார்கள். அதுதான் அதிகம் வலித்தது. நிகழ்ச்சிப் பொறுப்பாளரிடமும், பக்கத்தில் உட்காரும் ஒருவரிடமும் மட்டும் சொல்லுங்கள். சொல்லும்போது 'எனக்கு இது இருக்கிறது' என்று நிறுத்தாமல் 'வந்தால் இப்படிச் செய்யலாம்' என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

படுக்கையில் புரளும்போது மட்டும், ஒரு நிமிடத்துக்கும் குறைவாகச் சுற்றினால் அது வேறு. உள்காதின் சுண்ணாம்புத் துகள் இடம் மாறுவது. தலையைச் சில நிலைகளில் திருப்பி வைக்கிற எப்லி முறையிலேயே பலருக்குச் சரியாகிவிடும். எனக்கு அதுவும் நடுவில் வந்தது. எல்லாச் சுற்றலையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

ஒலியளவு:

காது கேட்புப் பரிசோதனை செய்வது என் வேலை. வாத்தியக்காரர்கள் நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன். சிலது சேர்க்கிறேன்.

இடது காது அடைப்பான் பற்றிச் சொன்னது சரி. வலது காதை மறந்துவிடாதீர்கள், இனி அதுதான் உங்கள் சொத்து. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் 15 நிமிடம்தான். வலது காதுக்கு எல்லா ஸ்தாயியையும் சமமாகக் குறைக்கிற, இசைக்காரர்களுக்கென்று வருகிற வடிகட்டி அடைப்பான் வாங்குங்கள். 9 அல்லது 15 டெசிபல் போதும். சாதாரண நுரை அடைப்பான் தார ஸ்தாயியை அதிகமாகத் தின்றுவிடும், அப்புறம் வில்லை அழுத்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவீர்கள்.

பின்னால் காது மிஷின் போட வேண்டி வந்தால் பேச்சுக்கு அமைத்த அமைப்பிலேயே வாசிக்காதீர்கள். மிஷின் பேச்சை எதிர்பார்த்துச் செய்யப்பட்டது. பேச்சு சாதாரணமாக 65 டெசிபல் அளவில் இருக்கும், காதுக்குக் கீழே இருக்கிற வயலின் 100ஐத் தொடும். உள்ளே நுழையும்போதே ஒலி உடைந்துவிட்டால் பிறகு எதைத் திருப்பியும் பயனில்லை. நீண்ட ஒற்றை ஸ்வரத்தை மிஷின் தன் சொந்த விசில் என்று நினைத்து அடக்கப் பார்க்கும், அப்போது ஸ்வரம் நடுங்கும். இசைக்கென்று தனி அமைப்பு வைத்து, விசில் தடுப்பு, இரைச்சல் குறைப்பு, உயர்ந்த ஒலியைத் தாழ்த்தித் தருகிற ஸ்தாயி இறக்கம் மூன்றையும் அதில் அணைக்கச் சொல்லுங்கள். பொருத்தும் நாளில் வாத்தியத்தைக் கையோடு கொண்டு போங்கள்.

ஒன்று அவசரம். எந்தக் காதிலாவது ஓரிரு நாளுக்குள் திடீரென்று கேட்பு இறங்கினால், வழக்கமான ஏற்ற இறக்கம்தானே என்று காத்திருக்காமல் உடனே ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்கள். ஸ்டீராய்டு தருவதாக இருந்தால் நாள் கடக்கக் கடக்கப் பலன் குறையும். வலது காதென்றால் அன்றைக்கே.

தடித்த கம்பி:

குழல் சகோதரி சொன்னதை ஏற்கிறேன். என் குழு 15 வருடமாக ஒரே குழு, அதனால் எல்லோரிடமும் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி ஆள் மாறுகிறவர்களுக்கு அது பொருந்தாது.

நாலு தந்தி:

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னியுங்கள். நடுவில் இன்னொரு தாக்குதல், அப்புறம் முதல் ஊசி.

அடைப்பான் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு ஜி தந்தியை மட்டும் இழுத்துக்கொண்டே இருந்தேன். ஒரே ஜி. எவ்வளவு நேரம் என்று தெரியாது, பக்கத்து அறையிலிருந்து வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள். தடித்த கம்பி அண்ணா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

பொறுப்பாளரிடமும் கீபோர்டு வாசிப்பவரிடமும் மட்டும் சொன்னேன். நான் வில்லை மடியில் படுக்க வைத்தால் என் பகுதியைக் கீபோர்டு எடுத்துக்கொள்ளும், இன்னொருவர் வந்து வயலினை வாங்கிக்கொள்வார். இதை இரண்டு முறை ஒத்திகையும் பார்த்தோம். என் தனி வாசிப்பை முதல் பாதிக்கு மாற்றினார்கள். போன சனிக்கிழமை முழு நிகழ்ச்சியும் உட்கார்ந்து வாசித்தேன். வில்லை மடியில் வைக்க வேண்டி வரவில்லை. பாடகி ஒருமுறை திரும்பிப் பார்த்தார், அது அடுத்த பாட்டுக்குத் தயாரா என்று கேட்க.

காலை நோட்டு 31 நாள் எழுதியாகிவிட்டது. இடது காதின் வித்தியாசம் பாதியாகக் குறைந்த நாளும் உண்டு, முழுதாகத் திரும்பிய நாளும் உண்டு. வியாழக்கிழமை அடுத்த ஆடியோகிராம். நோட்டையும் வயலினையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.