புதுப்பிப்பு: பைக் கொட்டகை வேலை முடிந்தது

வில்லாபுரத்தில் எங்கள் வீட்டு முன்வாசலில் நிற்கும் இரண்டு பைக்குகளுக்கு மழையும் திருட்டும் அண்டாத இடம் எப்படி அமைப்பது என்று ஆவணியில் கேட்டிருந்தேன். துணி உறை போதும் என்றும் தகரக் கொட்டகைதான் சரி என்றும் இரு விதமாகப் பதில் வந்தது. இப்போது கொட்டகையே போட்டுவிட்டோம்.

உறையை ஏன் கைவிட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஐப்பசி அடைமழையில் மூன்று நாள் மூடி வைத்த வண்டியைத் திறந்தபோது, மழை ஒரு சொட்டுகூட உள்ளே புகாதிருந்தும், பெட்ரோல் டேங்கின் அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தது. செயினில் துரு பூத்திருந்தது. ஈரத்தரையிலிருந்து எழும் ஆவி வெளியேற வழியில்லாமல் குளிர்ந்த உலோகத்தில் படிந்ததே காரணம். ஆகவே கொட்டகையின் மேல்விளிம்பில் இருபுறமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, வயரைக் கடிக்கும் எலிகள் நுழையாதபடி கம்பிவலை அடித்து, தரையையும் அரை அடி உயர்த்தி வாட்டம் கொடுத்திருக்கிறோம்.

பாதுகாப்புக்குக் காங்கிரீட்டில் இரும்பு வளையம் புதைத்து, சக்கரத்தோடு சட்டத்தையும் சேர்த்துச் சங்கிலியால் பூட்டுகிறேன். சங்கிலி தரையில் கிடந்தால் அதைச் சுத்தியலால் அடித்து உடைப்பது எளிது என்பதால், தொய்வில்லாமல் இழுத்துப் பூட்டுவது அவசியம். மேற்கு வெயிலுக்கு மூங்கில் தட்டி கட்டுவது மட்டும் பாக்கி. பங்குனிக்குள் அதையும் முடித்துவிடுவேன்.