புதுப்பிப்பு: 15 நாள் சபதம் 12 நாளில் முடிந்தது

சென்ற மாதம், "மளிகைக் கடைக்குப் போகாமல், வீட்டில் கிடப்பதை வைத்தே 15 நாள் சமைக்கப் போகிறேன்" என்று எழுதியிருந்தேன். பாலும் காய்கறியும் மட்டும் விலக்கு. 12 நாளில் தோற்றேன், நல்லெண்ணெய் தீர்ந்துவிட்டது. ஆனாலும் 1,900 ரூபாய் மிச்சம்.

அலமாரியின் அடியில் தோல் உளுந்து ஒரு கிலோவுக்கு மேல் இருந்தது. வாங்கியது யாரென்று வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. திருநெல்வேலிக்காரிக்கு வேறென்ன தோன்றும்? உளுந்தஞ்சோறுதான். 2 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து. உளுந்தை வாசம் வரும்வரை வெறும் சட்டியில் வறுத்து, பூண்டு, வெந்தயம், தேங்காய்த் துருவல் சேர்த்துக் குக்கரில் வைத்தேன். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். பழைய எள் என்பதால் முதலில் வாயில் போட்டுப் பார்த்தேன், காறல் இல்லை.

வண்டு விழுந்த பருப்பை என்ன செய்வது என்று ஒருவர் கேட்டிருந்தார். என் துவரம்பருப்பிலும் இருந்தது. வெயிலில் பரப்பி, புடைத்துச் சலித்ததில் முக்கால்வாசி தேறியது. மாவாக உதிர்ந்ததைக் கொட்டிவிட்டேன்.

மாமியார்தான் இன்னும் சமாதானமாகவில்லை. மூன்றாவது முறையாகச் சுண்டைக்காய் வற்றல் குழம்பு வைத்த அன்று, தட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏட்டி, ஊரில் கடையையெல்லாம் அடைத்துவிட்டார்களா?"