வீணையின் மெட்டுகள் பற்றித் தெரிந்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மார்கழிக் கச்சேரிகளைக் களமாகக் கொண்டு, மயிலாப்பூரில் தனியார் துப்பறிவாளராகத் தொழில் செய்யும் ஒரு பெண்ணை நாயகியாக வைத்து, நான் ஒரு மர்ம நாவல் எழுதி வருகிறேன். முதிய வித்வான் ஒருவரின் தஞ்சாவூர் வீணை, ஒரே பலாமரத் துண்டில் குடைந்தெடுத்த ஏகாண்ட வீணை, கச்சேரிக்கு இரண்டு நாள் முன்பு அதே தோற்றமுள்ள வேறொன்றாக மாற்றப்பட்டுவிடுகிறது என்பதே கதையின் முடிச்சு.

வீணையின் 24 மெட்டுகளும் (சுர இடங்களில் தந்திகளுக்குக் கீழே குறுக்காக அமைந்த உலோகக் கட்டைகள்) மெழுகின் மேல் பதிக்கப்பட்டிருப்பதால், நாயகிக்குத் தடயம் அங்கேதான் கிடைக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். என் பெரியம்மாவின் வீணையில், முதன்மைத் தந்தியான சாரணியை இழுத்து இழுத்துக் கமகம் (சுரத்தின் அசைவுகள்) வாசித்ததில், பஞ்சமம் (‘ப’ சுரம்) பேசும் ஏழாவது மெட்டில் விரலால் தடவினாலே தெரியும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. அத்தகைய தேய்மானத்தைப் புதிய மெட்டில் செயற்கையாக உண்டாக்க முடியுமா? மெழுகைப் புதுப்பித்து மெட்டுகளை மறுபடி பதிக்க எத்தனை நாள் பிடிக்கும்? புது மெழுகை மணத்தாலோ தொடுவதாலோ அடையாளம் காணலாமா? வீணை செய்பவர்களும் வாசிப்பவர்களும் அனுபவத்திலிருந்து சொன்னால் பேருதவியாக இருக்கும்.

தனியார் துப்பறிவாளர்களை முறைப்படுத்த 2007இல் மாநிலங்களவையில் கொண்டுவரப்பட்ட மசோதா சட்டமாகவில்லை என்பதை அறிவேன். எனினும், என் நாயகியைப் போன்ற துப்பறிவாளர் திரட்டும் ஆதாரத்தைக் காவல்துறை நடைமுறையில் எப்படிப் பெற்றுக்கொள்ளும் என்பதை வழக்கறிஞர்கள் யாரேனும் தயவுசெய்து விளக்க வேண்டுகிறேன்.